செல்போன் பேட்டரி: பழைய வழக்கங்களை மாற்றுவோம்

ரயில் பெட்டிகளில் விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் தரும் பேட்டரிகளைப் பராமரிப்பதில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. அவை ஈயத் தகடும் கந்தக அமிலமும் கொண்டவை. அதனால்தானோ என்னவோ, நம் சங்க அன்பர்கள் செல்போன் பேட்டரி பற்றியும் என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள். ஆனால் இது முற்றிலும் வேறு ரகம். பழைய வழக்கங்கள் இதற்கு உதவாது.

"சுத்தமாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும்" என்பது பலரது நம்பிக்கை. நிக்கல்-காட்மியம் பேட்டரிகளின் காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. பாதியிலேயே சார்ஜ் செய்து பழக்கினால் அவை தம் முழுக் கொள்ளளவை 'மறந்துவிடும்'. இன்றைய போனில் இருப்பது 1991-ல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயான் பேட்டரி. இதை உருவாக்கிய குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கு மறதி கிடையாது. அடிக்கடி பூஜ்யம் வரை இறக்குவதும், எந்நேரமும் 100 சதவீதத்திலேயே வைத்திருப்பதும்தான் இதன் ஆயுளைக் குறைக்கும். தினசரி உபயோகத்தில் 20-க்கும் 80-க்கும் இடையில் இருந்தால் நல்லது. வெளியூர் கிளம்பும் நாளில் முழுவதும் ஏற்றிக்கொள்வதில் தவறில்லை.

வெப்பமே எதிரி

மே மாதத்தில் 45 டிகிரியைத் தொடும் நம் நாக்பூரில் இதைக் கவனிக்காமல் முடியாது. வெயிலில் நிறுத்திய காரிலோ, ஸ்கூட்டர் பெட்டியிலோ, அடுப்பின் அருகிலோ போனை வைக்காதீர்கள். சூடாக இருந்தால் ஆறவிட்டுச் சார்ஜ் போடுங்கள். ஆற்றுகிறேன் என்று பிரிட்ஜில் வைத்தால் உள்ளே ஈரம் கோக்கும்.

பிள்ளைகள் பலர் சார்ஜில் உள்ள போனைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறார்கள். "நிரம்பியதும் தானே நின்றுவிடுமே?" என்பார்கள். நிற்பது உண்மைதான். ஆனால் அதுவரை உண்டாகும் சூடு வெளியேற வழி வேண்டாமா? பேட்டரியின் இரு முனைகளையும் ஒரு மெல்லிய சவ்வுதான் பிரிக்கிறது. அடிபட்டோ, அளவு மீறிய சூட்டாலோ, தயாரிப்புக் கோளாறாலோ அது பழுதானால் உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும். உள்ளிருக்கும் திரவமோ தீப்பற்றக்கூடியது. 2016-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்கள் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது பேட்டரிக் கோளாறால்தான்.

உப்பினால் உடனே நிறுத்துங்கள்

போனின் பின்மூடி தூக்கினாலோ, திரை விலகினாலோ உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது என்று பொருள். "இன்னும் ஓடுகிறதே" என்று உபயோகிக்க வேண்டாம். அழுத்தவோ, குத்தவோ, சார்ஜ் போடவோ கூடாது. அணைத்து, தீப்பற்றும் பொருள்களிலிருந்து விலக்கி வைத்து, சர்வீஸ் சென்டரில் மாற்றுங்கள். பழைய பேட்டரி குப்பைத்தொட்டிக்குப் போகக்கூடாது. 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது.

புதிய பேட்டரி வாங்கும்போது ஐ.எஸ். 16046 என்ற எண்ணும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண்ணும் உள்ளனவா என்று பாருங்கள்.

ஊருக்குப் போகும்போது

2021-ல் மேற்கு ரயில்வே, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜ் பாயிண்டுகளின் மின்சாரத்தை நிறுத்த ஏற்பாடு செய்தது. தீ விபத்தைத் தவிர்க்கத்தான் அது. ஆகவே பகலிலேயே, கண் பார்வையில் வைத்து ஏற்றிக்கொள்ளுங்கள். விமானத்தில் பவர் பேங்க்கை கைப்பையில் மட்டுமே கொண்டுபோக வேண்டும். பொதுவான வரம்பு 100 வாட்-அவர். 10,000 மில்லி ஆம்பியர்-அவர் என்றால் 10 ஆம்பியர்-அவர். அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 37 வாட்-அவர். 20,000 என்றால் 74. இரண்டும் வரம்புக்குள்தான்.

வீட்டில் எல்லோருடைய போன்களுக்கும் கூடத்தில் ஒரு கல் அலமாரியைச் சார்ஜ் போடும் இடமாக ஒதுக்குங்கள். படுக்கும் முன் பிளக்கைக் கழற்றுவது யார் பொறுப்பு என்பதையும் இன்றே பேசி முடிவு செய்துவிடுங்கள்.