ஆவாரம்பூவில் தேன் இல்லை

வறண்ட கரிசலிலும் ரயில் பாதையோரத்திலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே மஞ்சளாகப் பூத்து நிற்கிற செடி ஆவாரை. இப்போது அழகுக்கென்றே பூங்காவிலும் வீட்டு வேலியோரத்திலும் வைக்கிறார்கள். பொங்கலுக்கு முந்திய நாள் கொங்கு நாட்டில் வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்த்துக் காப்புக் கட்டுகிறோம். தெலங்கானாவுக்கு இதுதான் மாநிலப் பூ. இத்தனை பழகியும் அதைக் கையில் எடுத்து நிதானமாகப் பார்த்தவர்கள் குறைவு. டீ ஆறுவதற்குள் பார்த்துவிடுவோம்.

முதலில் இலை. புளிய இலை போல ஒரு காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் பச்சையாக, காது மடல் மாதிரி ஒன்று விரிந்திருக்கிறதா? அதற்கு இலையடிச்செதில் என்று பெயர். அந்தக் காதைப் பார்த்துத்தான் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதற்கு ‘ஆரிகுலேட்டா’ என்று பெயரிட்டார். லத்தீனில் காதுடையது என்று பொருள். பூவை விட்டுவிட்டுக் காதைப் பிடித்த மனிதர்!

இப்போது பூ. ஐந்து இதழ்கள், ஓரம் லேசாகச் சுருங்கியிருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் மஞ்சளுக்குள் ஆரஞ்சு நரம்பு ஓடுவது தெரியும். வண்டு வந்து மொய்க்கிறது. எதற்கு? தேனுக்கு என்றுதான் எல்லோரும் சொல்வோம். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது, ஒரு சொட்டுக்கூட. பூ என்றால் தேன், தேன் என்றால் வண்டு என்று நம் பாட்டுகள் பழக்கிவிட்ட கணக்கு இங்கே பொய்த்துப்போகிறது. ஆவாரை வண்டுக்குக் கொடுப்பது மகரந்தம் மட்டும். தேன் சர்க்கரை என்றால் மகரந்தம் பருப்பு. வளரும் குஞ்சுகளுக்குப் புரதம் அதில்தான் இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். மகரந்தம்தான் செடியின் விதைக்கும் மூலப்பொருள். முழுவதையும் விருந்தாளி தின்றுவிட்டால் இனம் எப்படிப் பெருகும்? பூவின் நடுவைப் பாருங்கள். பத்து மகரந்தத் தாள்கள் உண்டு, ஆனால் ஒன்றுபோல இல்லை. மேலே இருக்கிற மூன்று வெறும் மலடு. நடுவில் இருப்பவை குட்டை. கீழே சில மட்டும் நீண்டு, கொம்பு போல வளைந்திருக்கும். குட்டையானவை பந்தி போட, நீண்டவை விருந்தாளி கவனிக்காத நேரத்தில் அதன் உடம்பில் மகரந்தத்தைப் பூசி அனுப்பும். அடுத்த பூவில் அது சூல்முடியில் ஒட்டிக்கொள்ளும். ஒரே பூவில் இரண்டு விதத் தாள்கள் எதற்கு என்ற கேள்வி டார்வினையும் விடவில்லை. 1882 ஏப்ரல் 10ஆம் தேதி அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதி, ஆவாரையின் உறவுச் செடி ஒன்றின் விதையைக் கேட்டார். ஒன்பது நாளில் இறந்துபோனார்.

விருந்தும் சும்மா கிடைப்பதில்லை. பெரும்பாலான பூக்களில் மகரந்தப் பை வெடித்துத் திறந்துகொள்ளும். ஆவாரையில் நுனியில் சின்னத் துளை மட்டும், மிளகுத்தூள் டப்பா மாதிரி. குலுக்கினால்தான் கொட்டும். குலுக்குவது யார்? மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருவண்டு. அது தாள்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அடிக்காமலே, பறக்கப் பயன்படும் தசையை மட்டும் அதிரவைக்கும். தூள் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். நம் வீட்டுத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகிறது.

சரி, இந்தச் செடியில் இனிப்பே இல்லையா? மறுபடி இலைக்கு வாருங்கள். ஒவ்வொரு சிற்றிலை ஜோடிக்கும் நடுவே குச்சி போலச் சின்னதாக ஒன்று நிமிர்ந்து நிற்கும். அது சுரப்பி. ஆவாரை சேர்ந்த சென்னா பேரினத்துச் செடிகள் பலவற்றில் இத்தகைய சுரப்பிகள் இனிப்பு நீரைக் கசியவிடும். அதைக் குடிக்க எறும்பு வரும். வந்த எறும்பு இலை தின்னும் புழுக்களை விரட்டும். காவல்காரனுக்குக் கூலி இலையில், தரகனுக்குக் கூலி பூவில். ரொம்பக் கறாரான நிர்வாகம்.

பட்டை வேறு கதை. அதில் துவர்ப்புச் சத்து மிகுதி. தமிழ்நாட்டுத் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டை போட்டுத்தான் ஒரு காலத்தில் தோல் பதனிட்டார்கள். அதை இன்னொரு டீக்கு வைத்துக்கொள்வோம்.

பூத்த ஆவாரை எங்கேயாவது கண்ணில் பட்டால், காலை வெயில் ஏறும் நேரத்தில் பக்கத்தில் போய் நின்று கேளுங்கள். பறந்து வரும்போது கருவண்டின் ரீங்காரம் ஒரு சுருதியில் இருக்கும். பூவைப் பிடித்ததும் சட்டென்று மேலே ஏறும்.