செப்பாங்கின் முதல் வளைவு: ஹாமில்டனின் எஞ்சின் எரிந்த இடம்

2016 அக்டோபர் 2, 56 சுற்றுப் பந்தயத்தின் 41-ஆவது சுற்று. முன்னணியில் ஓடிய லூயிஸ் ஹாமில்டனின் மெர்சிடிஸ் இங்கே பின்புறம் தீப்பற்றி நின்றது. அந்த ஆண்டின் ஃபார்முலா 1 உலகப் பட்டம் 5 புள்ளி வித்தியாசத்தில் அவர் கையைவிட்டுப் போனது.

எஞ்சின்கள் எப்போதும் இவ்வளவு அரிதாக இருக்கவில்லை. 1999-இல் செப்பாங்கின் முதல் கிராண்ட் பிரியில் ஓடியவை 3 லிட்டர் வி10 எஞ்சின்கள். ஒரே பந்தய வார இறுதிக்குள்ளேயே புதிதாக மாற்றிக்கொள்ள முடிந்தது. செலவு எகிறவே, 2004-இல் வார இறுதிக்கு ஒன்றுதான் என்றானது. 2014-இல் வந்த 1.6 லிட்டர் ஹைபிரிட் டர்போ சிக்கலானது, விலையோ மிக அதிகம். 2016-இல் 21 பந்தயத்துக்கு ஓட்டுநருக்கு ஐந்து எஞ்சின்கள், மீறினால் தொடக்க வரிசையில் பின்னடைவு.

அப்போது இந்த எஞ்சினைச் செய்தவர்கள் நால்வரே: மெர்சிடிஸ், ஃபெராரி, ரெனோ, ஹோண்டா. சிறிய அணிகள் அவர்களிடம் விலைக்கு வாங்கித்தான் ஓடின. அன்று பட்டம் அவற்றுக்கு எட்டாக்கனியாகவே இருந்தது. மெர்சிடிஸுக்கு எரிபொருளும் எண்ணெயும் தந்தது நம் பெட்ரோனாஸ்.