உங்களுக்குத் தெரியுமா? கூரையைப் பிளந்து விழுந்த தங்கம்!

பருத்திப் பொதிக்கும் வெடிமருந்துக்கும் ஒரே கப்பலில் இடம் கொடுக்கலாமா? போர்க்கால அவசரத்தில் கொடுத்தார்கள். 1942-இல் கனடாவில் கட்டப்பட்ட சரக்குக் கப்பல் ‘ஃபோர்ட் ஸ்டிகின்’. 1944-இல் இங்கிலாந்திலிருந்து சுமார் 1,400 டன் வெடிபொருள்களோடு புறப்பட்டது. கூடவே, மரப்பெட்டிகளில் தங்கக் கட்டிகள். கராச்சியில் ஆயிரக்கணக்கான பருத்திப் பொதிகளும் ஏறின.

ஏப்ரல் 14. பம்பாய் விக்டோரியா கப்பல்துறை. பிற்பகலில் சரக்கறையிலிருந்து புகை கிளம்பியது. நூற்றுக்கணக்கான டன் தண்ணீரைப் பீய்ச்சியடித்தும் பொதிகளின் அடியில் கனன்ற நெருப்பு அணையவில்லை. தண்ணீர்தான் கொதித்தது! மாலை 4.06-க்குக் கப்பல் வெடித்துச் சிதறியது. அரை மணிக்குள் மறுபடியும் ஒரு வெடிப்பு, முதலாவதைவிடப் பெரியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிம்லாவின் நிலநடுக்கமானியிலும் அந்த அதிர்வு பதிவானது. சுற்றியிருந்த கப்பல்கள், கிடங்குகள், குடிசைகள் எல்லாம் எரிந்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள், அவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள்.

தங்கம் என்ன ஆயிற்று? ஏறத்தாழ 12 கிலோ எடையுள்ள கட்டி ஒன்று, ஒரு மைல் தாண்டி ஒரு பார்சிக்காரர் வீட்டுக் கூரையைப் பிளந்துகொண்டு விழுந்தது. அவர் அதை அரசிடமே ஒப்படைத்தார். இந்தக் காலத்தில் நம்பச் சிரமம்தான். துறைமுகச் சேற்றைத் தோண்டும்போது பல ஆண்டுகள் கழித்தும் கட்டிகள் அகப்பட்டன.

நாம் சித்திரைப் பிறப்பைக் கொண்டாடும் ஏப்ரல் 14-ஐத் தீயணைப்புத் துறையினர் நாடெங்கும் நீத்தார் நினைவு நாளாக அனுசரிப்பது, அந்த 66 பேருக்காகத்தான்.