பெரியண்ணனும் சின்னண்ணனும்

திருப்பூரை அடுத்த மங்கலம் வட்டாரத்தில் மரியாதையைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘வாங்க’, ‘சொல்லுங்க’ என்றுதான் பேச்சே பிறக்கும். பையர் வந்தாலும் நூல் வியாபாரி வந்தாலும் அதே கனிவு. ஆனால் பனியன் கம்பெனிக்குள், பவர் டேபிள் தையல் வரிசைக்குப் போனதும் அந்த ‘ங்க’ பல இடங்களில் உதிர்ந்துவிடுகிறது. தைப்பவருக்கு உதவியாகக் கைமடி வேலை பார்க்கும் பெண்ணுக்கு ‘ஏய்’. பீகாரிலிருந்து வந்த இளைஞனுக்குப் பெயரே கிடையாது; ‘இந்திக்காரன்’. பையரிடம் பணிந்து பேச யாருக்கும் வரும், ஆர்டர் வேண்டுமே! பணிவு இருக்கிறதா இல்லையா என்பது கைமடியைக் கூப்பிடும்போதுதான் தெரியும்.

கூப்பிடும் விதத்தில் இருக்கும் இந்தப் பணிவைத் தங்கள் வாழ்க்கையிலேயே செய்து காட்டிய இருவர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய டாக்டர் ச. ஏசுதாசனும் டாக்டர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும். இருவரும் பிரிட்டனில் மருத்துவம் படித்தவர்கள், மணம் செய்யாமல் தொண்டுக்கு வந்தவர்கள். பேட்டன் ஸ்காட்லாந்தில் கம்பளி நூல் ஆலை நடத்திய செல்வக் குடும்பத்துப் பிள்ளை; நம் ஊர்க் கணக்கில் மில் முதலாளி வீட்டு வாரிசு. ஆசிரமத்தில் அவருக்கு ‘துரை’யும் இல்லை, ‘டாக்டர் ஐயா’வும் இல்லை. ஏசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். வயதில் ஏசுதாசன் மூத்தவர் என்பதால் இது இயல்பாகத் தோன்றலாம். ஆனால் வெள்ளைக்காரர் ஆண்ட காலம் அது. ஒரு வெள்ளைக்காரர் தமிழர் ஒருவருக்கு இளையவராக, நாள்தோறும், எல்லார் வாயிலும் அழைக்கப்படச் சம்மதித்தார் என்பது சின்ன விஷயமே அல்ல. கதர் உடுத்திய அந்தச் சின்னண்ணன், திருப்பூர் குமரன் உயிர்நீத்த அதே 1932இல், அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த சென்னைத் தெருவில் போலீசிடம் அடிபட்டார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்பும் அளவுக்கு அது பேசப்பட்டது.

நல்ல மனம் இருந்தால் நல்ல பேச்சு தானே வரும் என்று நாம் நினைக்கிறோம். துறவு மடங்கள் அப்படி நம்பவில்லை. கோபமும் அசதியும் மனத்தை மாற்றிவிடும் என்று தெரிந்து, பேச்சுக்கு விதியே வகுத்தன. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதில் பயின்ற பிரெஞ்சுத் துறவி ஹென்றி லெ சோ, ஜூல்ஸ் மோன்ஷானினுடன் 1950இல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனத்தை நிறுவினார். பெனடிக்ட்டின் ஒழுங்கின்படி மடத்தில் எவரையும் வெறும் பெயரால் கூப்பிடக் கூடாது. மூத்தவர் இளையவரைச் ‘சகோதரர்’ என்றே அழைக்க வேண்டும். அடிமையாக இருந்து வந்தவரைவிடச் சுதந்திரக் குடியில் பிறந்தவருக்கு, அந்தப் பிறப்பை வைத்து முதலிடம் கிடையாது. பணிவுக்கு பெனடிக்ட் சொன்ன பன்னிரண்டு படிகளில் பதினொன்றாவது, குரலை உயர்த்தாமல் மென்மையாக, அளவாகப் பேசுவது. பவர் டேபிள் சத்தத்தில் அது முடியுமா என்று கேட்கலாம். சத்தத்தை மீறிக் கூப்பிடுவது வேறு, ஆளை அதட்டுவது வேறு. கேட்பவருக்கு இரண்டும் நன்றாகவே தெரியும்.

அதே ஒழுங்கில் எனக்கு மிகவும் பிடித்தது மடத்துப் பண்டகசாலைப் பொறுப்பாளருக்கான விதி. அரிசி பருப்பு முதல் மண்வெட்டி வரை அவர் கையில்தான். ஒருவர் தகாததைக் கேட்டாலும் இளக்காரம் செய்யாமல், காரணம் சொல்லிப் பணிவோடு மறுக்க வேண்டும். கொடுக்க ஒன்றும் இல்லையென்றால் நல்ல வார்த்தையாவது கொடுக்க வேண்டும். சனிக்கிழமைச் சம்பளத்தில் முன்பணம் கேட்டு நிற்பவரிடம் சூப்பர்வைசர் பேசும் விதத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழிகாட்டல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதே விதி இன்னொன்றும் சொல்கிறது: சகோதரர்களுக்கு உரிய உணவை அகந்தை இல்லாமல், தாமதம் இல்லாமல் கொடுத்துவிட வேண்டும். உரியதை இழுத்தடித்துவிட்டு இனிக்கப் பேசுவதற்கு இங்கே இடமில்லை. பீஸ் ரேட்டில் குறைத்துவிட்டு ‘கண்ணு, சாமி’ என்று குழைவதைப் பணிவு என்று நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பேசுவதைப் போலவே கேட்பதும் பணிவுதான். எகிப்துப் பாலைவனத்துத் துறவி அர்சேனியுஸ், அரண்மனையில் அரச பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர். கிரேக்கமும் லத்தீனும் கற்ற அவர், எழுத்தறியாத ஒரு கிழக் குடியானவரிடம் தம் மனப்போராட்டத்துக்கு ஆலோசனை கேட்டார். வியந்தவர்களிடம், இவருடைய அரிச்சுவடியே எனக்கு இன்னும் வரவில்லை என்றாராம். முக்கியமான முடிவு என்றால் மடத்தில் எல்லாரையும் கூட்டிக் கேட்க வேண்டும், இளையவருக்கும் கடவுள் நல்லதை உணர்த்துவார் என்று பெனடிக்ட்டும் எழுதியிருக்கிறார். தையலில் பிசகு வந்தால் கைமடிப் பெண்ணின் கண்ணில் அது முதலில் படக்கூடும். சரக்கு பெட்டிக்குள் போவதற்கு முன் அவள் வாய் திறந்து சொல்வாளா என்பது, காலையில் அவளை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்தது.