சுவரைப் புதுப்பித்தால் மட்டும் போதுமா?

பூந்தமல்லியில் 'கன்டோன்மென்ட்' என்ற பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் அங்கு படைமுகாம் இருந்ததும், நோயுற்ற ஐரோப்பியப் படைவீரர்கள் உடல் தேறுவதற்காக அங்கே தங்கவைக்கப்பட்டதும் பலருக்குத் தெரியாது. நோயிலிருந்து மீள்பவருக்கு மருந்துடன் நல்ல இடமும் ஓய்வும் வேண்டும் என்பதை அன்றைய நிர்வாகம் உணர்ந்திருந்தது, தன் படைவீரர்களுக்கு மட்டுமேனும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் அரசுக்குச் சொந்தமான பழங்கட்டடம் ஒன்றைச் சீரமைத்து, மனநோயிலிருந்து மீள்வோருக்கான கலைவழிச் சிகிச்சை மையமாக்கும் யோசனை ஆராயத்தக்கது. ஆனால், அதில் உண்மையான செலவு எது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

கலைவழிச் சிகிச்சை என்பது ஓவிய வகுப்பு அன்று. வரைந்த படம் அழகாக இருக்கிறதா என்று அங்கு யாரும் பார்ப்பதில்லை. சொல்லில் அடங்காத துயரம் வண்ணத்திலோ களிமண்ணிலோ தாளத்திலோ வெளிப்பட, பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருந்து வழிநடத்துவதே அச்சிகிச்சை. காசநோய்க்குச் சிகிச்சை பெற்ற ஆங்கிலேய ஓவியர் ஏட்ரியன் ஹில், வரைவது நோயாளிகளைத் தேற்றுவதைக் கண்டு 1942-இல் இதற்குப் பெயர் சூட்டினார். பிரேசிலில் மனநல மருத்துவர் நீஸி ட சில்வேரா 1946-இல் தம் மருத்துவமனையிலேயே ஓவியக்கூடம் அமைத்தார். 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார அமைப்பு 2019-இல் வெளியிட்ட அறிக்கை, உடல்நலத்திலும் மனநலத்திலும் கலைகளுக்குப் பங்குண்டு என்கிறது. இது மருந்துக்கு மாற்று அன்று; துணை மட்டுமே.

நமக்கும் இது முற்றிலும் புதிதல்ல. 1794-இல் தொடங்கிய சென்னை மனநலக் காப்பகம் 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. அங்கு 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், வேலையையே சிகிச்சையாக்கும் தொழில்வழிச் சிகிச்சைக்கு இடமளித்தார். மேற்குப் புறநகரை ஒட்டிய முகப்பேரில் 'பான்யன்' அமைப்பும், திருவேற்காட்டில் 'ஸ்கார்ஃப்' அமைப்பும் மறுவாழ்வுப் பணியில் நெடுங்காலமாக ஈடுபட்டுள்ளன. அனுபவம் அருகிலேயே இருக்கிறது.

பழங்கட்டடம் எதற்கு, புதிதாகக் கட்டலாமே என்று கேட்கலாம். தடித்த சுவர், உயர்ந்த கூரை, நீண்ட தாழ்வாரம், நடுவே முற்றம் ஆகியவை அடைபட்ட உணர்வைக் குறைப்பவை. இவற்றை இன்றைய ஒப்பந்தப்புள்ளியில் கேட்டு வாங்குவது கடினம். ஆனால் சீரமைப்பிலும் அவசரம் ஆகாது. சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவரின் மேல் சிமென்ட் பூசினால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் உப்புப் பூத்து உதிரும். மணலும் சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்று மிகச் சிலரே. குறைந்த விலைப்புள்ளி தந்தவருக்கே பணி என்னும் நடைமுறை இங்குப் பொருந்தாது.

எனினும், என் கவலை கட்டடத்தைப் பற்றியதன்று. ராபர்ட் சிஸ்ஹோம் வடிவமைப்பில் 1879-இல் நிறைவடைந்த சென்னைப் பல்கலைக்கழக செனட் மாளிகை, பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டையொட்டிப் பெருமுயற்சியுடன் புதுப்பிக்கப்பட்டது. பின்னர் பெரும்பாலும் பூட்டியே கிடந்து மீண்டும் பழுதடைந்தது. அன்றாடம் ஆள் புழங்காத கட்டடம் எத்தனை முறை புதுப்பித்தாலும் நிலைக்காது. மூலதனச் செலவுக்கு நன்கொடையாளர் கிடைப்பர். கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். சிகிச்சையாளரின் மாத ஊதியத்துக்குக் கல்வெட்டு ஏது?

2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்கள் சட்டம், கலை மற்றும் நடனவழிச் சிகிச்சையாளர்களையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. தொழிலுக்குச் சட்ட ஏற்பு வந்துவிட்டது. பணியிடங்கள் வர வேண்டும். எனவே, இத்தகைய மையத்துக்கான அரசாணை, சீரமைப்புத் தொகையோடு சிகிச்சையாளர் பணியிடங்களையும் ஆண்டுப் பராமரிப்பு நிதியையும் சேர்த்தே ஒப்புதல் அளிக்க வேண்டும். தெருக்கூத்தும் பறையும் அறிந்த கலைஞர்களுக்கு மதிப்பூதியமும் அதில் இடம்பெற வேண்டும்.

கணக்கில் வராத செலவு ஒன்றும் உண்டு. ஆவடியிலிருந்து நோயாளியைக் கீழ்ப்பாக்கம் அழைத்துச் செல்லும் தாயோ தமையனோ அன்றைய கூலியை இழக்கிறார். கலைவழிச் சிகிச்சையோ ஒரு நாளில் முடிவதன்று, வாரந்தோறும் தொடர வேண்டியது. மையம் அரை மணிப் பயணத்தில் இருந்தால், அவரை விட்டுவிட்டு வேலைக்குப் போய், மாலையில் வந்து அழைத்துச் செல்லலாம்.