நாய்க்குருளைக்கு வீட்டு வழக்கம் பயிற்றுதல்

நாயைப்பற்றி ஒரு கலாசாலைச் சஞ்சிகையில் எழுதப் புகுதல் சிலர்க்கு நகை விளைக்கலாம். அதிலும் நாயின் மலஜல விஷயத்தை எழுதப் புகுதல் சிலர்க்கு அருவருப்பையும் விளைக்கலாம். ஆயினும், ஆசையோடு வீட்டிற்குள் கொண்டுவரப்பட்ட குருளை சின்னாட்களில் தெருவிற்குத் தள்ளப்படுவதற்கு இவ்வொரு விஷயமே காரணமாய் நிற்றலைக் கண்ணாரக் கண்டவர் இதனை அற்பமென்று தள்ளார். யான் கண்டவன், ஆதலின் எழுதத் துணிந்தேன்.

யான் சிறுவனாயிருந்தபொழுது, பேரையூரில் எங்கள் பாட்டனார் வீட்டிற்கு இராஜபாளையத்து வெள்ளைக் குருளையொன்று வந்தது. உடல் முழுவதும் பால்வெண்மை. மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. முதல் இரண்டு நாள் அதனைக் கீழே விட்டவர் இல்லை. மூன்றாம் நாள் கூடத்தின் நடுவே சிறுநீர் கழித்தது. நான்காம் நாள் நெற்குலுக்கையின் பின்னே மலங்கழித்தது. அதட்டினார்கள், அது கேட்கவில்லை. மூக்கை அவ்வீரத்தில் வைத்துத் தேய்த்தார்கள். மறுநாளும் அவ்வாறே செய்தது. "அடியாத மாடும் அடியாத நாயும் படியா, தம்பி" என்று அப்பத்தாள் எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுப்பாள். பதினைந்து நாள் கழித்து, பண்ணையாள் ஒருவன் அதனைச் சாக்கில் இட்டுக் கண்மாய்க் கரையில் விட்டுவந்தான். மறுநாள் விடியலில் யான் போய்ப் பார்த்தபொழுது சாக்கு மட்டும் கிடந்தது.

எங்கள் பெரியோர் கொடியவரல்லர். நாயை வீட்டிற்குள் வளர்க்கும் வழக்கம் அவர்களுக்குப் பரம்பரையாய் வந்ததன்று. அதனால் பயிற்றும் முறையும் வரவில்லை. நம்மவர்க்கு நாயோடு உறவு நேற்று வந்ததன்று. நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கின் இளமைக்கும் குருளை என்பது பெயரெனத் தொல்காப்பிய மரபியல் வகுத்துரைக்கின்றது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று, கள்ளரைக் கடித்துத் தன் தலைவனுக்குத் துணைநின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரைக் கல்லில் நிறுத்தியிருக்கின்றது. ஆனால் அக்கோவிவன் காத்து நின்றது தொழுவத்தையேயன்றிக் கூடத்தையன்று. நம் தென்பாண்டிச் சீமை நாய்களும் அத்தகையனவே. சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசற்காட்டில் முயலை ஓட்டிப் பிடித்தன. கோம்பை நாய் மலையடிவாரத்தில் பன்றியை எதிர்த்தது. இராஜபாளையம் பண்ணையையும் தோட்டத்தையும் காத்தது. அவை வாயிற்படிக்கு வெளியே பிறந்து, வெளியே வளர்ந்து, வெளியே மடிந்தன. எங்கே மலஜலங் கழித்தன என்று கேட்பாரில்லை. காடு விரிந்து கிடந்தது.

இந்நாளில் நிலைமை மாறிவிட்டது. 2005-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறையார் இராஜபாளையம் நாயின் உருவத்தைத் தபால் முத்திரையில் வெளியிட்டனர். நாட்டு நாய்கள்மீது படித்தவர்க்கும் பற்று வளர்ந்தது. விளைவு யாதெனின், முந்நூறு ஏக்கர் கரிசலில் ஓடுதற்கென்று பிறந்த பிராணி, மதுரையிலும் திருமங்கலத்திலும் பளிங்குத் தரையிட்ட இரண்டறை வீட்டில் வந்து நிற்கின்றது. அதற்கு எது தரை, எது கொல்லை என்று யாரேனும் சொல்லிக்கொடுத்தல் வேண்டுமன்றோ?

முதலில் உணர வேண்டுவது, நாய் சுபாவத்தில் அசுத்தப் பிராணியன்று என்பதே. குருளை பிறக்கும்பொழுது கண் திறந்திராது. பத்து முதற் பதினான்கு நாட்களிற் கண் திறக்கும். அதுகாறும், அதற்குப் பின்னும் சில நாள்வரை, அது தானே மலஜலங் கழிக்க வல்லதன்று. தாய் நாவினால் நக்கித் தூண்டினால்தான் கழியும். கழிந்ததையும் தாயே நக்கி எடுத்துப் படுக்கையைச் சுத்தமாக வைத்திருக்கும். மூன்றாம் வாரத்தில் கால் ஊன்றத் தொடங்கியவுடன், தத்தித் தத்திப் படுக்கையை விட்டு விலகிச் சென்று கழிக்க முயலும். இதை யாரும் கற்பிப்பதில்லை. ஏறக்குறைய எட்டு ஒன்பது வாரம் ஆகும்பொழுது, மண்ணோ, புல்லோ, சிமெண்டுத் தரையோ, எதன்மேற் கழித்துப் பழகிற்றோ அதனையே நாடும் வழக்கம் அதன் காலடியிற் படிந்துவிடுகின்றது. ஆகவே குருளை வாங்கச் செல்வோர், தாயும் குட்டிகளும் கிடக்கும் இடத்தை நோக்குதல் வேண்டும். குறுகிய கூண்டில், தன் மலத்தின்மீதே படுத்துப் பழகிய குருளைக்கு இயற்கையறிவு மழுங்கிப்போயிருக்கும். அதனைத் திருத்துதல் பலமடங்கு பாடு. எட்டு வாரத்திற்கு முன்னே தாயிடமிருந்து பிரித்தலும் ஆகாது.

குருளைக்குத் தன் படுக்கையைக் காக்கும் அறிவு உண்டு; வீடு முழுவதும் தன் படுக்கையே என்னும் அறிவுதான் இல்லை. பயிற்சி என்பது, அச்சிறு படுக்கையின் எல்லையை நாளுக்கு நாள் அகலச்செய்து, வாயிற்படிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதேயாகும். ஆதலின் முதல் வாரத்திலேயே வீடெங்கும் திரியவிடுதல் கூடாது. கண்ணெதிரே இருக்கும்பொழுது விடலாம். கண் மறையும்பொழுது ஒரு மூலையில் தட்டியடைத்தோ, கட்டிற்காலில் சிறு கயிற்றாற் கட்டியோ வைக்கலாம். அவ்விடம் அது நீட்டிப் படுக்கவும் திரும்பவும் போதியதாயிருந்தாற் போதும். ஆனால் அது தாங்கக்கூடிய நேரத்திற்கு மேல் அங்கே அடைத்து வைத்தால், வேறு வழியின்றிப் படுக்கையிலேயே கழிக்கும். இயற்கை கொடுத்த நற்குணத்தை நாமே கெடுத்தவராவோம்.

எத்தனை நேரம் தாங்கும்? நாய் வளர்ப்போர் ஒரு கணக்குச் சொல்வதுண்டு: குருளையின் வயது எத்தனை மாதமோ, அதனோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம். இரண்டு மாதக் குருளைக்கு மூன்று மணி. இஃது உச்ச எல்லையேயன்றி வழக்கமன்று. பகலில் விழித்து விளையாடும்பொழுது அரைமணிக்கொரு முறை கழிப்பதும் உண்டு. இங்கே ஒரு சௌகரியம் யாதெனின், குருளையின் வயிறு கடிகாரத்தைப் போல் ஒழுங்கானது. உறங்கி எழுந்தவுடன், உண்ட கால்மணி அரைமணிக்குள், விளையாடி ஓய்ந்தவுடன், இரவு படுக்குமுன் ஆகிய இந்நேரங்களில் தவறாமற் கழிக்கும். இரைப்பை நிரம்பியவுடன் பெருங்குடல் அசையத் தொடங்குதலே உண்டபின் கழிப்பதற்குக் காரணம். கைக்குழந்தையை வளர்த்த தாய்மார் இதனை அறிவர். எனவே உணவுக்கு நேரம் வகுத்தால் கழிவுக்கும் நேரம் வகுத்ததாகும். நாள் முழுவதும் வட்டிலிற் சோற்றை நிரப்பிவைப்பவர், எப்பொழுது கழிக்குமென்று தெரியாமல் திகைப்பது அவர் தேடிக்கொண்டதே.

நேரம் வந்தவுடன் குருளையை ஒரே கதவின் வழியாக, கொல்லையில் ஒரே இடத்திற்குக் கொண்டுசெல்க. தூக்கிச் செல்வதினும் சிறு கயிற்றில் நடத்திச் செல்லுதல் நன்று. வழியை அதன் கால் கற்றுக்கொள்ளும். அங்கே நின்று வேறொன்றுஞ் செய்யாது காத்திருத்தல் வேண்டும். கழிக்கத் தொடங்கும்பொழுது ஒரு சொல்லை மெல்லச் சொல்லுக. எச்சொல்லாயினும் ஆகுக, வீட்டார் அனைவரும் அதனையே சொல்லுக. முடித்தவுடன், அவ்விடத்திலேயே, இரண்டு நொடிக்குள் தட்டிக்கொடுத்து ஒரு துண்டு கருவாடோ ரொட்டியோ ஈக. வீட்டிற்குள் வந்தபின் கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கூலியென்றுதான் அது கொள்ளும். ருஷிய தேசத்துச் சாஸ்திரியார் பாவ்லவ், ஓசையொன்று கேட்டபின் உணவு வரக்கண்ட நாய்க்கு, நாளடைவில் ஓசை கேட்டவளவிலேயே உமிழ்நீர் சுரந்ததைக் காட்டினார். அடுத்தடுத்து நிகழ்வனவற்றையே நாயின் மூளை முடிச்சிடும். இடையே காலம் புகுந்தால் முடிச்சு விழாது.

இன்னொன்று பலர்க்குத் தெரியாது. கழித்தவுடனே உள்ளே இழுத்துவராதீர். வெளியே இருப்பதை விரும்பும் குருளை, கழித்தால் உலா முடிந்துபோகும் என்று கற்றுக்கொண்டு, அடக்கி அடக்கிவைத்துக் கூடத்திற்கு வந்தபின் கழிக்கும். "அரைமணி வெளியே நின்றேன், உள்ளே வந்து செய்தது" என்று முறையிடுவோரிற் பலர் இத்தவற்றைச் செய்தவரே. கழித்தபின் ஐந்து நிமிஷம் விளையாடவிட்டு அழைத்துவருக.

நம் ஊர் வெயிலையும் கருத வேண்டும். பங்குனி சித்திரையில் நண்பகற் கொல்லைத் தரையில் நாமே வெறுங்காலோடு நிற்கமாட்டோம்; குருளையின் பாதமும் மெல்லியது. அது கதவண்டை நின்று மறுத்தால் பிடிவாதமென்று எண்ணற்க. வேப்பமரத்து நிழலில் மணல் கொட்டி ஓரிடம் அமைத்தல் நன்று. ஐப்பசி அடைமழைக்கு, அவ்விடத்தின்மேல் ஓலையோ தகரமோ வேய்ந்துவிட்டாற் போதும். சிறுநீரைக் குறைக்கக் கருதித் தண்ணீரை நிறுத்துவோரும் உளர். இக்கோடையில் அது கொலைக்கு ஒப்பாகும்.

இனிப் பிழை நேருமிடத்துச் செய்யத்தக்கது. கழிக்கும்பொழுதே கண்டால், கைதட்டி அதன் கவனத்தைத் திருப்பி, உடனே வெளியே கொண்டுபோய் முடிக்கச்செய்க. பின்னர்க் கண்டால் துடைத்துவிட்டு வாளாவிருக்க. மூக்கைத் தேய்த்தலும் அடித்தலும் பயனற்றன என்பது மட்டுமன்று, எதிர்ப்பயன் தருவன. "மனிதர் பார்க்கும்பொழுது சிறுநீர் கழித்தால் அடி விழும்" என்பதையே குருளை கற்கும். பிறகு நம் முன்னிலையிற் கொல்லையிலும் கழியாது, குலுக்கையின் பின்னே ஒளிந்து கழிக்கும். எங்கள் வீட்டுக் குருளை அங்கே போனதற்குக் காரணம் இதுவே என்று இப்பொழுது தெளிகின்றேன். "தப்புச் செய்தது அதற்கே தெரியும், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது பார்" என்பார்கள். 2009-இல் நியூயார்க் நகரத்து ஆராய்ச்சியாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்னும் அம்மையார் இதனைச் சோதித்தார். உண்ணக்கூடாதென்று விலக்கிய தின்பண்டத்தை நாய் தின்றதோ இல்லையோ, உடையவர் கடிந்துகொண்டபொழுதெல்லாம் அக்குற்றமுகம் தோன்றிற்று. தின்னாமலே வைது வாங்கிய நாய்கள் பின்னும் மிகுதியாகக் குன்றின. அது குற்றவுணர்ச்சியன்று, நம் முகங்கண்ட அச்சம்.

துடைப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. மணமறியும் நுண்ணுறுப்புகள் மனிதர் மூக்கில் ஏறக்குறைய ஐம்பது அறுபது இலட்சம். நாய் மூக்கில் இருபது கோடிக்கு மேல். பினாயில் தெளித்தால் நமக்கு நாற்றம் மறையும்; நாய்க்கு மறையாது. நவச்சார வாடையுள்ள திரவங்களோ சிறுநீரின் வாடையையே ஒத்தன. துடைத்த இடமே மறுமுறைக்கு அழைப்பாகிவிடும். ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து, சவர்க்காரமிட்டுக் கழுவி, கூடுமாயின் வெயில்படச் செய்க. கழிவின் சத்துக்களைச் சிதைக்கும் நொதிகள் கலந்த திரவங்கள் கடைகளிற் கிடைக்கின்றன, அவை மிக நல்லன. மண்தரையாயின் ஊறிய மண்ணைச் சுரண்டி எறிந்து புதிதாய் மெழுகுவதே வழி.

கொல்லையிற் கழித்த மலத்தையும் கிடக்கவிடலாகாது. குருளைகளின் குடலிற் கொக்கிப்புழுவும் உருண்டைப்புழுவும் பெரும்பாலும் உண்டு. முன்னதன் நுண்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்துப் புகும். பின்னதன் முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்காய் உயிரோடிருந்து, மண்ணளையும் குழந்தையின் வாய்வழியே சேரும். ஆகவே அன்றன்றே அள்ளி ஆழப் புதைக்க, கீரைப்பாத்தியில் இடற்க. குடற்புழு மருந்தையும் வெறிநோய்த் தடுப்பூசியையும் கால்நடை மருத்துவர் சொல்லும் நாளிற் செலுத்துக. பழகிய நாய் திடீரென்று வீட்டிற்குள் அடிக்கடி சிறுநீர் கழிக்குமாயினும், அதில் இரத்தம் காணினும், அது பயிற்சிக் குறையன்று, நோய், அவரிடமே செல்க. ஆளைக் கண்டவுடன் குழைந்து சில துளி விடும் குருளையும் உண்டு. அது பணிவின் அடையாளம். கண்டுகொள்ளாது விட்டால் வளரவளர நீங்கும், கடிந்தால் மிகும்.

நான்கு முதல் ஆறு மாதத்திற்குள் பெரும்பாலான குருளைகள் தேறிவிடும். இடையில் ஓரிரு வாரம் எல்லாம் மறந்ததுபோற் பின்வாங்குதலும் இயல்பே.

இறுதியாக, இராஜபாளையம் வாங்குவோர்க்கு ஒரு வார்த்தை. தோலுக்கு நிறந்தரும் உயிரணுக்கள் உட்செவிக்கும் இன்றியமையாதன. முழுவெண்மையான நாய்கள் சிலவற்றில் அவை இல்லாமையால், பிறந்த சில வாரங்களுக்குள் செவியின் நுண்ணுறுப்புகள் அழிந்து, பிறவிச் செவிடாகிவிடுகின்றன. புள்ளிகளையுடைய டால்மேஷியன் நாய்களிலும் இக்குறை உண்டு. நம் இராஜபாளையத்திலும் உண்டு. குருளை உறங்கும்பொழுது, அதன் பார்வையும் நம் அசைவால் எழும் காற்றும் படாதவாறு பின்னின்று ஒரு பாத்திரத்தைத் தட்டிப் பார்க்க. செவி அசையவில்லையாயின் சொல்லை விட்டுக் கைச்சைகையாற் பழக்குக. அவை நன்றாகவே பழகும்.

இதனை யான் ஒரு நூலில் வாசித்த அன்றிரவு உறங்கவில்லை. பேரையூர் வீட்டில் ஒருநாள் பித்தளைக் குடம் படியிலிருந்து உருண்டு விழுந்தது. கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிற்று. தொட்டிலிற் குழந்தை வீரிட்டது. ஒரு முழத்திற்கு அப்பால் அவ்வெள்ளைக் குருளை மட்டும் உறங்கிக்கொண்டிருந்தது. "எவ்வளவு சோம்பேறி பார்" என்று எல்லோரும் சிரித்தோம்; யானும் சிரித்தேன்.

இப்பொழுது எங்களிடம் உள்ளது கன்னிக் குருளை, கரியது, செவி கூரியது. வயது நான்கு மாதம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கொல்லைக் கதவண்டை சென்று உட்கார்ந்து, தாழ்ப்பாளையும் என்னையும் மாறிமாறிப் பார்க்கும். யான் எழுந்து திறக்கின்றேன்.