முகத்தில் ஒரு கரும்பரு: யாரிடம் காட்டுவது?

கன்னத்தில் ஒரு சிறு கரும்பரு. வலியில்லை, ஆதலால் கவலையுமில்லை. ஆறுவதுபோல் ஆறி, மீண்டும் பொருக்குத் தட்டும். கடைக் களிம்பிலேயே ஈராண்டு ஓடிவிடும். ஒரு நாட்கூலி போய்விடுமே என்றஞ்சிப் பெரிய ஆஸ்பத்திரியை நாடாதிருக்கும் நம்மவர் சிவாஜிநகரிலும் உண்டு, ஸ்ரீராமபுரத்திலும் உண்டு.

இத்தகைய பருக்களுள் சில தோல் புற்றுநோயாக இருத்தல் கூடும். மேற்றோலின் அடியடுக்கில் தோன்றும் ஒருவகைப் புற்று மிக மெல்ல வளர்வது. பிற உறுப்புகளுக்குப் பரவுதல் மிக அரிது. முற்றும் அகற்றிவிட்டால் பெரும்பாலும் குணமாகும். ஆயினும் அசட்டையாக விட்டால் மூக்கையும் இமையையும் அரித்துவிடும். நம் போன்ற மாநிறத்தாரிடம் இது பெரும்பாலும் கருத்தே தோன்றுவதால், மச்சமென்று ஏமாறுகிறோம்.

இதற்குச் சிகிச்சை செய்ய வேண்டியவர் தெருமுனை வைத்தியரா, புற்றுநோய் நிபுணரா?

இங்கிலாந்தில் இவ்வினா எழுந்தபோது, 'நைஸ்' என்னும் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2010-இல் ஓர் எல்லை வகுத்தது. காறை எலும்புக்குக் கீழே, 1 சென்டிமீட்டருக்குட்பட்ட, அபாயம் குறைந்த கட்டியைப் பயிற்சி பெற்ற குடும்ப வைத்தியரே அகற்றலாம். ஆனால் அகற்றிய சதையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும். முகத்தில் வந்ததும், ஒருமுறை அகற்றியபின் மீண்டும் முளைத்ததும் நிபுணருக்கே உரியவை.

நல்ல எல்லைதான். எனினும் இந்நோய் மிகுதியும் தோன்றுமிடம் முகமே அன்றோ! ஆகவே, அண்டை வைத்தியரின் தலையாய கடமை அறுப்பதன்று. ஐயுற்று, காலந்தாழ்த்தாது அனுப்புவதே. கர்நாடகத்தில் 2022 இறுதியில் தொடங்கப்பெற்ற 'நம்ம கிளினிக்' நிலையங்கள் இப்பணிக்கு ஏற்றவை. மேற்கொண்டு காட்ட, பௌரிங் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவு உண்டு. 1973-இல் நிறுவப்பெற்ற கித்வாய் புற்றுநோய் நிலையமும் உண்டு. உடலின் மற்றப் பகுதியிலுள்ள சிறு கட்டிகளை அகற்றப் பொது வைத்தியர்க்கும் பயிற்சியளித்தால், ஏழை மக்களின் அலைச்சல் பெரிதும் குறையும். பயிற்சியும் திசுப் பரிசோதனையும் இல்லாதவிடத்துக் கத்தியெடுத்தல் தகாது.

நாம் செய்யத்தக்கவை சில. நான்கு வாரத்தில் ஆறாத புண்ணை வைத்தியரிடம் காட்டுக. திராவகமிட்டுச் சுட ஒருவரையும் அனுமதியாதீர். பழைய தீப்புண் வடுவில் தோன்றும் புண்ணும், உள்ளங்காலில் பரவும் கருந்திட்டும் வேறுவகைப் புற்றாகலாம். அவற்றை நேரே நிபுணரிடமே காட்டுக. அகற்றிய கட்டியின் பரிசோதனைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துக.

புதிதாகக் குடிவந்த முதியவர்க்கு ஆஸ்பத்திரி வரிசையைவிட மொழியே பேரச்சம். கன்னடமறிந்த அண்டை வீட்டார் ஒருவர் அரைநாள் துணை சென்றால் அவ்வச்சம் அகலும். ஒருவரின் கண்ணிமையும் காக்கப்படலாம்.